ஏழு தவறுகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. நான் அனுப்பும் செய்திகளில் ஒற்றைக் குறி மட்டுமே விழுகிறது. அதனால் தபாலில் எழுதுகிறேன். வளவளவென்று போகாமலிருக்க, வரப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. மாப்பிள்ளையின் உடம்பு பற்றிய விசாரிப்பு.
2. நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை, யார் பக்கமும் சாயாமல் திரும்பச் சொல்வது.
3. அங்கே நான் எழுதியது முறைப்படி சரிதான் என்பதற்கு விளக்கம்.
4. அதை இன்னும் மென்மையாக எழுதியிருக்கலாமோ என்பது. (இதில் எனக்கே தெளிவில்லை.)
5. உன் பால்கனிச் செடிகள்.

முதலாவது. மாப்பிள்ளைக்கு வயிறு சரியாகிவிட்டதா? நீங்கள் போய்த் தங்கியிருக்கும் உன் நாத்தனார் வீட்டில் மாடி ஏற வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். பதில் எழுது.

இரண்டாவது. ஜனவரி 18 காலை ஏழு பத்துக்கு நீ குழுவில் போட்ட செய்தியை எழுத்து மாறாமல் எடுத்து வைத்திருக்கிறேன்: "தண்ணி நாறுது. ரெண்டு வாரமா சொல்றேன், செயலாளர் காதுல ஏறல. எப்படி ஏறும், தொட்டி கழுவுற வேலையைத் தம்பிக்குக் கொடுத்தவராச்சே. பொய் சொல்றார்னு அவர் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. என் வீட்டுக்காரருக்கு வயித்தால போகுது. எல்லாரும்தான் சொல்றாங்க, எழுதத்தான் பயம். இப்பவே தொட்டியைத் திறங்க. இல்லன்னா இந்தக் கட்டடத்துல ஒரு சாவு விழும்."

இதற்கு மோட்டார் பைக் படம் வைத்திருப்பவர், "ஆன்ட்டி, முதல்ல உங்க பாத்ரூமைக் கழுவுங்க" என்றார். கிளிப் படம் வைத்திருக்கும் அம்மாள், "தண்ணில நாத்தமா, வாயில நாத்தமா?" என்றார். நாற்பத்தொரு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். பிறகு பைக் படக்காரர் என்னை இழுத்தார்: "தண்ணி ஆபீஸ் சார், நீங்க சொல்லுங்க. சொந்தத் தங்கச்சின்னு பாக்காம சொல்லுங்க."

மூன்றாவது. வண்டி நிறுத்தும் இடத்துக்காகப் போன நவம்பரில் குழுவில் நடந்த சண்டை உனக்கு நினைவிருக்கும். ஒருவர் தாயாரை இன்னொருவர் இழுத்துப் பேசியதைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகுதான் 'வாதத்தில் செய்யக் கூடாத ஏழு தவறுகள்' என்று பட்டியல் எழுதிப் போட்டேன். பேச்சை விட்டுப் பேசுகிறவரைத் தாக்குவது ஒன்று. முன்னால் நடந்தது என்பதாலேயே அதுதான் காரணம் என்பது இரண்டு. மற்றவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி அதை அடிப்பது மூன்று. எல்லாரும் சொல்கிறார்கள் என்பது நான்கு. பெரிய ஆள் சொன்னார், ஆகவே சரி என்பது ஐந்து. பயமுறுத்தி ஒப்புக்கொள்ள வைப்பது ஆறு. இதுவா அதுவா, வேறு வழியே இல்லை என்பது ஏழு. குழுவில் எல்லாரும் கை கூப்பினார்கள். செயலாளர் அதை அச்சடித்து லிப்ட் பக்கத்தில் ஒட்டினார்.

அந்தப் பட்டியலை என் தங்கைக்கு மட்டும் மடக்கி வைக்க முடியுமா? ஆகவே எழுதினேன்: "மேற்கண்ட பதிவில் 1, 2, 4, 6, 7 ஆகிய தவறுகள் உள்ளன. புகார் பரிசீலனைக்கு உரியதல்ல." முப்பத்தொரு வருடம் தண்ணீர் ஆய்வகத்தில் நான் கடைப்பிடித்த விதி இதுதான். முத்திரை உடைந்த புட்டியில் வந்த தண்ணீரைச் சோதிக்கக் கூடாது. கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் ஏற்க முடியாது. வாதமும் அப்படியே. முறை கெட்டு வந்த பேச்சைப் பரிசீலிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

நான்காவது பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஐந்தாவது. நீ அண்ணியிடம் கொடுத்த சாவியில் தினமும் போய் உன் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். இவ்வளவு செழிப்பாக நான் பார்த்ததில்லை. நம் தண்ணீரில் குறையில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 13

அண்ணா,

கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தேன். மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்ததும் நாத்தனார், "என்ன அண்ணி, உங்க அண்ணன் மளிகை லிஸ்ட் அனுப்பியிருக்காரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது.

உன் முதலாவதுக்குப் பதில். அவருக்கு மஞ்சள் காமாலை. ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கண் மஞ்சள், நகம் மஞ்சள், போர்த்திய வெள்ளைத் துணியில் வேர்வை பட்ட இடம்கூட மஞ்சள். ஒரு வாய் உள்ளே போனால் இரண்டு வாய் வெளியே வருகிறது. சட்டியை நான்தான் பிடிக்கிறேன். டாக்டர் அவர் வயிற்றில் கை வைக்கும் முன்பே கேட்ட கேள்வி, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

இதைப் படித்ததும் உன் கை இரண்டாம் நம்பரைத் தேடும். போட்டுக்கொள்.

உன் இரண்டாவதில் யார் பக்கமும் சாயவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒரு அறுபத்திரண்டு வயதுக்காரியிடம் "வாயில நாத்தமா" என்று கேட்டாளே, அதற்கு என்ன நம்பர்? பாத்ரூமைக் கழுவு என்றானே, அது எத்தனையாவது? உன் பட்டியலின் முதல் வரியே அதுதானே? என் நாலு வரிக்கு ஐந்து தவறு கண்டுபிடித்த உன் கண்ணாடிக்கு அந்த இரண்டு வரி மட்டும் ஏன் தெரியவில்லை?

சிரித்த நாற்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். லிப்டில் என்னோடு வருகிறவர்கள். என் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம்தான். உன்னை நினைத்தால் கோபம் வரவில்லை, குமட்டுகிறது. ஏனென்றால் அவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அந்தச் சிரிப்புக்குக் கீழே முத்திரை குத்தி, சரிதான் என்று கையெழுத்துப் போட்டவன் நீ.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுதுவதற்கு முன்னால் இரண்டு மாடி ஏறி வந்து என் குழாயைத் திறந்து மோந்து பார்த்தாயா? ஊர்த் தண்ணீரையெல்லாம் மோந்தவன், என் வீட்டுத் தண்ணீரை ஏன் மோந்து பார்க்கவில்லை?

எனக்குச் சமாதானக் கடிதம் எழுதாதே. அந்தக் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடு அதைத்தான் இன்றைக்கும் குடிக்கிறது. அதற்கு என்ன செய்யப் போகிறாய் என்று எழுது.

செடிக்கு இனிமேல் தண்ணீர் விட வேண்டாம்.

வாலு

(சின்ன வயதில் நீ வைத்த பெயர்தான். நீ வேறெதுவும் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.)

பிப்ரவரி 19

அன்புள்ள வாலுவுக்கு,

மாப்பிள்ளையைப் பற்றிப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காமாலை வேறு இடத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதினேன். அடித்திருக்கிறேன், மன்னித்துக்கொள். மை பக்கத்தின் பின்புறம் வரை ஊறியிருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் மோந்து பார்க்கவில்லை. மோந்து பார்த்திருந்தாலும் பயனில்லை. ஆறு வருடத்துக்கு முன் எனக்கு வந்த காய்ச்சலோடு மூக்கு போய்விட்டது. வாசனையும் தெரியாது, நாற்றமும் தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் புகையைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறேன். உன் அண்ணிக்கு மட்டும்தான் இது தெரியும். ஓய்வுபெற்ற தண்ணீர் ஆய்வாளனுக்கு மூக்கில்லை என்றால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாற்றம் பற்றிய புகார் என்னிடம் வந்தபோது, 'எனக்குத் தெரியாது' என்பதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். அதற்கு வெட்கப்பட்டு உன் வாக்கியங்களைத் திருத்த ஆரம்பித்தேன். திருத்துவது எனக்கு வரும்.

அவர்களுக்கு ஏன் நம்பர் போடவில்லை என்றும் கேட்டிருக்கிறாய். உன்னிடம் கண்டிப்பாக இருந்தால் நடுநிலையானவன் என்பார்கள் என்று நினைத்தேன். இது பாதி. பைக் படக்காரருக்கு நம்பர் போட்டால் அவர் என்னைத் திருப்பிக் கேட்பார் என்று பயந்தேன். இது மீதி. நீ என்னைத் திருப்பிக் கேட்க மாட்டாய் என்ற தைரியம்.

நேற்று அண்ணியிடம் கேட்டேன், "நம்ம வீட்டுத் தண்ணில ஏதாவது நாத்தம் வருதா?"

"காலைல மோட்டார் போட்டதும் வரும். கக்கூஸ் பக்கம் நிக்கற மாதிரி இருக்கும். கொதிக்க வச்சுதானே குடிக்கிறோம்."

"எப்பலேர்ந்து?"

"உங்க தங்கச்சி எழுதினாங்களே, அப்பலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் பரிசீலனைக்கே லாயக்கில்லன்னு ஊருக்கெல்லாம் எழுதிட்டீங்களே. அப்புறம் நான் வந்து நாறுதுன்னு சொன்னா, எனக்கு எத்தனை நம்பர் போடுவீங்க?"

ஒரு மாதமாக நான் பல் தேய்த்தது, வாய் கொப்பளித்தது எல்லாம் அதில்தான். அதைக் கேட்ட பிறகு நாக்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இன்று பழைய அலுவலகத்துக்குப் போய் ஆறு சோதனைக் குப்பிகள் வாங்கி வந்தேன். விரல் அளவுக் கண்ணாடிக் குப்பிகள். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கழிவு கலந்திருக்கும்போது இரண்டு நாளுக்குள் கறுத்துவிடும். சுத்தமாக இருந்தால் அப்படியே இருக்கும். குழாய் வாயைத் துடைத்து, சுட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, முறைப்படி எடுத்தேன். உன் வீடு, என் வீடு, தரைத்தளக் குழாய், ஒவ்வொன்றிலும் இரண்டு. அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. சும்மா சும்மா போய்ப் பார்க்கிறேன்.

அண்ணன்

பிப்ரவரி 23

அண்ணா,

குப்பி என்ன ஆயிற்று? ஆனது ஆகியிருக்கும். எனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை, குழுவிலும் இல்லை. எங்கே எழுதினாயோ அங்கே எழுது.

உன் மூக்கு விஷயத்தை இவரிடம் சொன்னேன். பதினைந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். "மச்சானுக்கு மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல, லிஸ்ட் மட்டும்தான் இருக்கு" என்றார். நேற்று அரை டம்ளர் நீராகாரம் உள்ளே தங்கியது.

இன்னொன்று. நீ ஒப்புக்கொண்டதால் நானும் ஒப்புக்கொள்கிறேன். செயலாளர் தம்பி விஷயம் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. யாரோ படிக்கட்டில் சொன்னார்கள். கோபத்தில் அதையும் சேர்த்து வீசினேன். அது அசிங்கம்தான். ஆனால் இரண்டு வாரம் மரியாதையாக மூன்று செய்தி போட்டேன், "தயவுசெய்து தொட்டியைப் பாருங்கள்" என்று. அதில் ஒரு தவறும் இல்லை. அதற்கு நீயும் பதில் போடவில்லை, ஒருத்தரும் போடவில்லை. நான்காவதாகக் கத்தியபோதுதான் எல்லாருக்கும் காது கேட்டது.

காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போ.

வாலு

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

ஆறு குப்பிகளும் கறுத்துவிட்டன. உன் வீட்டுக் குப்பிகள் ஒரே நாளில், தார் மாதிரி. 21ஆம் தேதி காலையே படம் எடுத்து, விளக்கம் எழுதி, குழுவில் போட்டுவிட்டேன். கொதிக்க வைத்துக் குடியுங்கள், கீழ்த்தொட்டியைத் திறந்து பாருங்கள் என்று இரண்டே வேண்டுகோள்.

வந்த பதில்களைக் கேள். பைக் படக்காரர்: "சார், 5. பெரிய ஆள் சொன்னா சரியாயிடுமான்னு நீங்கதானே போட்டீங்க." கிளிப் படம்: "6. பயமுறுத்தறீங்க சார்." செயலாளர்: "அண்ணன் தங்கச்சிக்கு வக்காலத்து. புரியுது, புரியுது." இன்னொருவர், "குப்பில மை ஊத்தி போட்டோ எடுக்கறது என்ன பெரிய வித்தையா?" அதற்குப் பிறகு வாக்கியமே இல்லை. 5. 6. 2. 6. 5. சீட்டாட்டத்தில் அட்டையை இறக்குவதுபோல எண்களாக விழுந்தன. நான் உண்டாக்கிய எண்கள். ஒருவர்கூடத் தண்ணீரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் யோக்கியமாகப் பேச வைக்க எழுதியதை, யோசிக்காமல் இருப்பதற்கு வசதியாக்கிக் கொடுத்திருக்கிறேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயைத் திறந்து, அந்தத் தண்ணீரைப் பார்த்து, மூடிவிட்டேன்.

மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை. நீ என்னைத் திட்டுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

25ஆம் தேதி உன் கடிதம் வந்தது. மறுநாள் காலை குழாய் வேலைக்காரரைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். செயலாளர் வாசலிலேயே மறித்தார். "மீட்டிங் போட்டு முடிவெடுக்காம மூடியைத் திறக்கக் கூடாது சார்." நான் "சரிங்க" என்று சொல்லித் திரும்பியும்விட்டேன். நான்கு படி ஏறினேன். சட்டைப் பையில் உன் கடிதம் குத்தியது. இறங்கி வந்து, மோட்டார் அறைக்குள் போய், சுவிட்சை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். "என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டார். எனக்கே சரியாகத் தெரியவில்லை.

மேல் தொட்டி காலியாக முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் இறங்கினார்கள் பார். ஒருவர் முகம் முழுக்கச் சவர நுரை. ஒருவர் தலையில் ஷாம்பூ, தோளில் துண்டு. குழுவில் எண்ணாகவும் படமாகவும் மட்டும் இருந்தவர்கள் எல்லாரும் கையும் காலுமாக வந்து நின்றார்கள்.

"பெரியவரே, விளையாடறீங்களா? ஆபீஸ் போகணும்!"

"சாவியைக் குடுங்க சார், மரியாதையா சொல்றேன்."

"மூடியைத் திறந்து எல்லாரும் ஒரு தடவை பாத்துடுங்க. பாத்ததும் குடுத்துடறேன்" என்றேன். இதை மட்டுமே ஏழெட்டு முறை சொன்னேன். கடைசியில், "திறந்து தொலைங்கப்பா, சனியன் விடட்டும்" என்று சவர நுரைக்காரர் கத்தினார். வேலைக்காரர் கம்பியை விட்டு நெம்பினார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வாலு. தொட்டி வாயில் நான்தான் முதலில் குனிந்தேன். இருட்டு, தண்ணீர், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தேன். கிளிப் படத்து அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். பைக் படக்காரர் இரண்டடி பின்னால் போய் வண்டிகளுக்கு நடுவே வாந்தி எடுத்தார். செயலாளரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "நான் இதைத்தான்யா குடிக்கிறேன்... என் பேத்தி இதைத்தான் குடிக்கிறா" என்றார். அவர் பொய் சொல்லியிருக்கவில்லை. பார்க்கவேயில்லை. முகத்தில் எழுதியிருக்கிறது என்று நீ சொன்னதற்கு முதலாம் தவறு என்று போட்டேனே, தொட்டியைத் திறந்த அன்று எனக்குக் கிடைத்த சான்றெல்லாம் முகங்கள்தான்.

விளக்கடித்துப் பார்த்தோம். தொட்டிச் சுவரையொட்டிப் போகும் கழிவுக் குழாயின் இணைப்பு விட்டுப்போய், சுவர் விரிசல் வழியாகப் பழுப்பாக ஒரு கோடு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டி கழுவியவர் மேல் குற்றமில்லை. அதைக் குழுவில் தெளிவாக எழுதிவிட்டேன், உன் சார்பிலும்.

அன்று சாயங்காலம் குழுவைப் பார்த்திருந்தால் உனக்கு இன்னொரு முறை குமட்டியிருக்கும். "நான் அப்பவே நினைச்சேன்" என்று பதினான்கு பேர். அந்த நாற்பத்தொரு சிரிப்பில் பாதி அழிக்கப்பட்டிருந்தது. கிளிப் படத்து அம்மாள் மட்டும், "அவங்ககிட்ட நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று எழுதினார். அந்த ஒரு வரியை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன்.

குழாயை மாற்றி, தொட்டியை இரண்டு முறை கழுவி, மருந்து கலந்து நிரப்பியிருக்கிறார்கள். புதிதாக வைத்த ஆறு குப்பிகளும் நான்காம் நாளாகத் தெளிவாக நிற்கின்றன. உன் செடிகள் ஏன் அப்படிச் செழித்தன என்பது இப்போது புரிகிறது. சான்று என்று எழுதியிருந்தேன். அண்ணி இரண்டு நாள் சிரித்தாள்.

நீ திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து நடக்கட்டும். நீங்கள் வந்தால் ஸ்டேஷனுக்கு வருவேன்.

எங்கள் ஆய்வகத்துப் பதிவேடு ஒன்று நேற்று நினைவுக்கு வந்தது. முத்திரை உடைந்த புட்டியைத் திருப்பும்போது அதில் இரண்டு வரி எழுதுவோம். முதல் வரி, 'ஏற்க இயலாது'. இரண்டாவது வரி, 'உடனே புதிய நீர் மாதிரி எடுத்து அனுப்புக'. அந்த இரண்டாவது வரியை எழுதாமல் விட்ட உதவியாளர்களை நானே நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். புட்டி கெட்டிருக்கிறது என்பதால் அந்த ஊர்க் கிணறு நல்லது என்று ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறேன். உனக்கு முதல் வரியை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன்.

அந்த இரண்டு வரி விதியை நேற்றுக் குழுவில் போட்டேன். லிப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டியலுக்குக் கீழேயும் என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உன் பதிவில் ஐந்து தவறுகள் இருந்தன. அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. தண்ணீரும் நாறியது. நீ சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது என் கடமையாக இருந்தது.

என் முதல் கடிதத்தில் மூன்றாவதாக, முறை கெட்டு வந்த பேச்சைப் பரிசீலிக்கும் கடமை யாருக்கும் இல்லை என்று எழுதியது தவறு.

அண்ணன்